போர்டு இரண்டு, பான் ஒன்று: இரண்டாவது தொழிலுக்கு ஜிஎஸ்டியில் எந்த வழி?

ஈரோட்டில் வீட்டின் முன்னறையில் ரெடிமேட் துணிக்கடை வைத்திருக்கும் ஓர் அக்கா சில மாதங்களுக்கு முன் என்னிடம் வந்தார். சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதுவதும் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடுவதும் என் வேலை. அவர் கடையில் வருடத்துக்கு 28 லட்சம் ரூபாய் விற்பனை. சரக்கு மட்டும் விற்பவர்களுக்குத் தமிழ்நாட்டில் 40 லட்சம் வரை பதிவு தேவையில்லை என்பதால் அவர் ஜிஎஸ்டி பக்கமே வந்ததில்லை. இப்போது மாடியில் ஆரி எம்பிராய்டரி வகுப்பு தொடங்கப் போகிறார். கட்டணமாக வருடத்துக்கு இரண்டரை லட்சம் வரும் என்று கணக்குப் போட்டிருந்தார்.

"கிளாஸுக்கு வேற பேரு, வேற போர்டுங்க. இரண்டரை லட்சத்துக்கெல்லாம் ஜிஎஸ்டி வராதுங்களே?" என்று கேட்டார்.

"வருமுங்க அக்கா. கிளாஸுக்கு மட்டுமில்ல, கடைக்கும் சேர்த்து வரும்" என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. வகுப்பு தொடங்குவதற்கு முன்பே வந்து கேட்டார் என்பதுதான் அன்றைக்கு நல்ல செய்தி. பெரும்பாலானவர்கள் தொடங்கி ஒரு வருடம் ஓட்டிவிட்டு, கையில் நோட்டீஸோடு வருகிறார்கள்.

தனியாளாகத் தொழில் செய்பவர் இரண்டாவதாக ஒன்றைத் தொடங்கும்போது அவர் முன் நான்கு வழிகள் இருக்கின்றன. இருக்கும் பதிவிலேயே புதியதையும் சேர்ப்பது ஒன்று. அதே பான் எண்ணில் இரண்டாவதாக ஒரு ஜிஎஸ்டி நம்பர் வாங்குவது இன்னொன்று. இரண்டையும் காம்போசிஷனில், அதாவது விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் எளிய திட்டத்தில், வைப்பது மூன்றாவது. புதிய தொழிலை வேறொருவர் பெயரிலோ கூட்டு நிறுவனமாகவோ தொடங்குவது நான்காவது. எது யாருக்குப் பொருந்தும் என்று பார்ப்பதற்கு முன், அந்த அக்காவின் இரண்டரை லட்சம் எப்படி 28 லட்சத்தையும் இழுத்துக்கொண்டு வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். அது புரியாமல் வழிகளை ஒப்பிட முடியாது.

சட்டம் பார்ப்பது பான் எண்ணை

ஜிஎஸ்டி நம்பரில் 15 எழுத்துகள். முதல் இரண்டு மாநிலக் குறியீடு, தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் உங்கள் பான் எண் அப்படியே. பதிமூன்றாவது எழுத்து, அதே பானில் அதே மாநிலத்தில் நீங்கள் எடுத்திருக்கும் எத்தனையாவது பதிவு என்பதைச் சொல்கிறது. அதாவது எத்தனை போர்டு மாட்டினாலும் நடுவில் இருக்கும் பத்து எழுத்தும் மாறாது. தனியாள் தொழிலில் கடைக்கென்று தனி உடல் கிடையாது. கடையும் நீங்களும் ஒன்று. துணிக்கடையும் ஆரி வகுப்பும் சட்டத்தின் கண்ணில் ஒரே ஆள் செய்யும் இரண்டு வேலைகள்.

பழைய வியாபாரிகளுக்கு இது உறைக்காததற்குக் காரணம் உண்டு. 2017 ஜூலை 1-க்கு முன் சரக்கு விற்பனைக்கு மாநில வாட் வரி, சேவைக்கு மத்திய சேவை வரி. துறை வேறு, கணக்கு வேறு, வரம்பும் வேறு. கடை விற்பனையை ஒரு கண்ணாலும் சர்வீஸ் வருமானத்தை மறு கண்ணாலும் பார்த்துப் பழகிய தலைமுறை அது. ஜிஎஸ்டி இரண்டையும் ஒரே தராசில் வைத்துவிட்டது.

அந்தத் தராசில் ஏறுவதற்குப் பெயர் மொத்த டர்ன்ஓவர். ஒரே பானில் இந்தியா முழுவதும் நடக்கும் வரிக்குட்பட்ட விற்பனை, வரிவிலக்குள்ள விற்பனை, ஏற்றுமதி, வெளிமாநில விற்பனை எல்லாம் இதில் சேரும். வசூலித்த வரி மட்டும் சேராது.

வரம்பு எங்கே என்பதில்தான் பலர் இடறுகிறார்கள். 2019 ஏப்ரல் 1 முதல் இருக்கும் 40 லட்சம் வரம்பு சரக்கு மட்டுமே விற்பவருக்கு உரியது. சேவை சேர்ந்துவிட்டால் வரம்பு 20 லட்சம். அந்த அக்காவின் துணிக்கடை நேற்றுவரை 40 லட்சம் கோட்டுக்குக் கீழே நிம்மதியாக இருந்தது. வகுப்பில் முதல் கட்டணம் வாங்கிய நாளில் கோடு 20 லட்சத்துக்கு இறங்கிவிடும். அவரோ ஏற்கெனவே 28-இல் நிற்கிறார். அன்றிலிருந்து 30 நாளுக்குள் பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடை கட்டடத்தின் ஓர் அறையை மொபைல் கடைக்கு வாடகைக்கு விட்டிருந்தால் அந்த வாடகையும் சேவைதான். வருடம் 25 லட்சத்துக்குச் சரக்கு விற்கும் ஒருவர், தான் இரண்டாவது தொழில் எதையும் தொடங்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பார். வாடகைக்கு விட்ட அன்றே தொடங்கிவிட்டார்.

வரிவிலக்குள்ள தொழிலும் இதே மாதிரிதான். பச்சைக் காய்கறி மட்டும் 45 லட்சத்துக்கு விற்பவருக்குப் பதிவு வேண்டாம், ஏனென்றால் விற்பது முழுக்க வரியில்லாத சரக்கு. பக்கத்திலேயே பிஸ்கெட், கூல்டிரிங்க்ஸ் வைத்து வருடம் 3 லட்சத்துக்கு விற்றால் மொத்தம் 48 லட்சம். பதிவு கட்டாயமாகிவிடும். காய்கறிக்கு வரி வராது, அந்த 3 லட்சத்துக்கு மட்டும் வரும். ஆனால் பதிவும் ரிட்டர்னும் வந்தே தீரும். வெளிமாநிலத்துக்குச் சரக்கு அனுப்பி விற்கத் தொடங்கினாலோ, சில கைவினைப் பொருள்களைத் தவிர, வரம்பு என்பதே கிடையாது. முதல் பார்சலுக்கு முன்பே பதிவு வேண்டும்.

இருக்கும் நம்பரிலேயே சேர்ப்பது

ஏற்கெனவே வழக்கமான (ரெகுலர்) முறையில் பதிவு பெற்றவர்களுக்கு என் முதல் பரிந்துரை இதுதான். பத்தில் எட்டுப் பேருக்கு இதைத்தான் சொல்கிறேன்.

வேலை சிறியது. ஜிஎஸ்டி போர்ட்டலில் ஆர்ஈஜி-14 படிவத்தில் புதிய இடத்தைக் கூடுதல் தொழில் இடமாகச் சேர்க்க வேண்டும். மாற்றம் நடந்த 15 நாளுக்குள் செய்வது சட்டம். அதிகாரி ஒப்புதல் தர வேண்டிய மாற்றம் என்பதால் வாடகை ஒப்பந்தமோ மின்கட்டண ரசீதோ தெளிவாக இருக்கட்டும். கூடுதல் வணிகப் பெயரையும் சேர்க்கலாம். பதிவுச் சான்றிதழிலேயே அதற்கு இடம் உண்டு. புதிய சரக்கு, சேவைகளின் குறியீட்டையும் சேர்த்துவிடுங்கள். அரசுக்குக் கட்டணம் எதுவும் இல்லை. சான்றிதழை இரண்டு இடத்திலும் மாட்ட வேண்டும், இரண்டு போர்டிலும் ஜிஎஸ்டி நம்பர் இருக்க வேண்டும்.

"கணக்கு கலந்துருமே சார்" என்பதுதான் எல்லோரும் சொல்லும் தயக்கம். கலக்க வேண்டியதில்லை. பில்லுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட தொடர் வரிசை வைத்துக்கொள்ளச் சட்டமே இடம் தருகிறது. கடைக்கு ஒரு வரிசை, புதிய தொழிலுக்கு வேறு எழுத்தில் தொடங்கும் இன்னொரு வரிசை. வங்கியில் இரண்டாவதாக ஒரு நடப்புக் கணக்கு. பில் தலைப்பில் அந்தந்தத் தொழிலின் பெயர். தனி நம்பர் கேட்டு வருபவர்களில் பெரும்பாலானவர்களுக்கு வேண்டியது இவ்வளவுதான்.

பணமாகக் கிடைக்கும் லாபம் இன்புட்டில், அதாவது கொள்முதலில் கட்டிய வரியை விற்பனையில் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வதில், இருக்கிறது. ஹார்டுவேர் கடைக்காரர் ஒருவர் பிரின்டிங் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 8 லட்சத்துக்கு மெஷின் வாங்குகிறார். 18 சதவீதத்தில் வரி 1,44,000. ஒரே நம்பராக இருந்தால் அந்த இன்புட் முழுவதையும் ஹார்டுவேர் விற்பனையில் வரும் வரியில் அந்த மாதமே கழிக்கத் தொடங்கலாம். தனி நம்பர் எடுத்திருந்தால் அந்த 1,44,000 புதிய நம்பரின் லெட்ஜரில் உட்கார்ந்திருக்கும். பிரின்டிங்கில் ஆர்டர் பிடித்து, பில் போட்டு, வரி வரும்வரை அதைத் தொட முடியாது. இந்தப் பக்கம் ஹார்டுவேர் கடைக்கு வரியைக் கையிலிருந்து கட்டிக்கொண்டிருப்பார். தொழில் தொடங்கும் முதல் ஆறு மாதத்தில், பணம் இல்லாத நேரத்தில், இப்படிச் சிக்கிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். மனசு கஷ்டமாக இருக்கும், ஏனென்றால் ஒரு படிவத்தில் எடுத்த முடிவு அது.

இந்த வழியில் இருக்கும் ஆபத்தையும் மறைக்கக் கூடாது. ஒரு தொழிலின் ரிட்டர்ன் நின்றால் இரண்டும் நிற்கும். தொடர்ந்து இரண்டு வரிக்காலம் ரிட்டர்ன் போடாவிட்டால், சரக்கை வண்டியில் அனுப்ப ஆன்லைனில் எடுக்கும் இ-வே பில் தடைபடும். புதிய தொழிலின் கணக்குத் தாமதமாக வந்தது என்பதற்காகப் பழைய கடையின் லாரி நிற்கும். பதிவு இடைநிறுத்தம் செய்யப்பட்டாலும் அப்படியே. இரண்டில் ஒன்றின் கணக்கு ஒழுங்காக வராது என்று உங்களுக்கே தெரிந்தால், அதை முதலில் சரிசெய்யுங்கள்.

அதே பானில் இரண்டாவது நம்பர்

2019 பிப்ரவரி 1-க்கு முன் ஒரே மாநிலத்தில் இரண்டாவது பதிவு வேண்டுமென்றால் தொழிலின் தன்மையே வேறு என்று காட்ட வேண்டியிருந்தது. இப்போது அந்த நிபந்தனை இல்லை. தொழில் நடக்கும் இடம் ஒன்றுக்கு மேல் இருந்தால் போதும், ஒவ்வொரு இடத்துக்கும் தனிப் பதிவு கேட்கலாம். இடம்தான் அடிப்படை. ஒரே அறையில் இரண்டு போர்டு மாட்டிக்கொண்டு இரண்டு நம்பர் கேட்பதற்கு விதி இடம் தரவில்லை.

நம்பர் வந்த பிறகு, இரண்டு பதிவையும் சட்டம் இரண்டு வெவ்வேறு நபர்களாகப் பார்க்கிறது. இதன் விளைவுகள் பலருக்குத் தெரிவதில்லை. ஹார்டுவேர் கடையிலிருந்து பிரின்டிங் கடைக்கு ஒரு பெட்டி பசை கொடுத்தாலும், பணம் வாங்காவிட்டாலும், அது விற்பனை. பில் போட்டு வரி கட்ட வேண்டும். வாங்கும் கடைக்கு முழு இன்புட் கிடைக்கும் என்றால் பில்லில் போட்ட மதிப்பையே ஏற்றுக்கொள்வார்கள், அதனால் பணநஷ்டம் பெரிதாக இருக்காது. ஆனால் பில் போட மறந்தால் பிரச்சினை. ஒரே நம்பருக்குள் என்றால் டெலிவரி சலானோடு முடிந்திருக்கும்.

பழைய பதிவில் பயன்படுத்தாமல் கிடக்கும் இன்புட்டில் ஒரு பங்கைப் புதிய பதிவுக்கு மாற்றலாம். சொத்து மதிப்பின் விகிதத்தில், புதிய பதிவு கிடைத்த 30 நாளுக்குள் ஐடிசி-02ஏ படிவம் போட வேண்டும். அந்த 30 நாளைத் தவறவிடுபவர்கள் அதிகம்.

அதோடு வேலை இரட்டிப்பு. மாதாமாதம் போடும் முறையில் ஒரு நம்பருக்கு வருடம் 24 ரிட்டர்ன், இரண்டுக்கு 48. ஐந்து கோடிக்குள் டர்ன்ஓவர் இருப்பவர்கள் காலாண்டு முறைக்குப் போனால் எண்ணிக்கை குறையும், ஆனாலும் எல்லாம் இரண்டு தடவைதான். தாமதக் கட்டணம் நாளுக்கு 50 ரூபாய், வரியே இல்லாத ரிட்டர்னுக்கு 20 ரூபாய். அதுவும் நம்பருக்கு நம்பர் தனி.

அப்படியானால் இதை யார் எடுக்க வேண்டும்? புதிய தொழிலை இரண்டு மூன்று வருடத்தில் வளர்த்து விற்றுவிடும் எண்ணம் உள்ளவர். விற்கும்போது அந்த நம்பரின் கணக்கு முழுவதும் தனியாக, சுத்தமாக இருக்கும். வாங்குபவருக்கு மீதி இன்புட்டையும் மாற்றித் தரலாம். பிறகு, ஒரு தொழிலின் கணக்கைத் தம்பியோ மகனோ முழுக்கத் தனியாகப் பார்த்துக்கொள்ளும் குடும்பம்; ஒருவர் தாமதம் செய்தால் மற்றவரின் இ-வே பில் நிற்காது. இந்த இரண்டு காரணங்களையும் நான் மதிக்கிறேன்.

மூன்றாவதாகச் சிலர் சொல்வது இன்புட் திருப்பிக் கட்டும் பிரச்சினை. இரண்டாவது தொழில் மெஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண உணவகத்துக்கு வரி 5 சதவீதம், ஆனால் இன்புட் எடுக்கக் கூடாது. இரண்டு தொழிலுக்கும் பொதுவான செலவுகளின் இன்புட்டில் மெஸ்ஸின் பங்கைத் திருப்பிக் கட்ட வேண்டும். கேட்கும்போது பயமாக இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஹார்டுவேர் 90 லட்சம், மெஸ் 30 லட்சம், பொதுச் செலவில் வருடத்துக்கு 24,000 ரூபாய் இன்புட் என்றால் மெஸ்ஸின் பங்கு நான்கில் ஒன்று. திருப்ப வேண்டியது 6,000 ரூபாய். கடைக்கென்றே வாங்கிய சரக்கின் இன்புட்டை யாரும் தொடப்போவதில்லை. இந்த 6,000-ஐக் காப்பாற்ற இரண்டாவது நம்பர் எடுத்தால் ரிட்டர்ன் போடும் செலவே அதைத் தின்றுவிடும். பொதுச் செலவு பெரிதாக இருக்கும் தொழிலுக்கு மட்டும் இந்த வாதம் நிற்கும்.

புதிய தொழில் வேறு மாநிலத்தில் என்றால் இந்த ஒப்பீடே வேண்டாம். பாண்டிச்சேரியிலோ பாலக்காட்டிலோ கடை திறந்தால் அந்த மாநிலத்தில் தனிப் பதிவுதான். மொத்த டர்ன்ஓவர் இந்தியா முழுவதற்கும் சேர்த்துப் பார்க்கப்படுவதால், இங்கே வரம்பைத் தாண்டியவருக்கு அங்கே முதல் நாளிலிருந்தே பதிவு தேவைப்படும்.

காம்போசிஷன்: இருந்தால் எல்லாம், இல்லையென்றால் எதுவும் இல்லை

சிறு கடைக்காரர்களுக்கு ஜிஎஸ்டி தந்திருக்கும் நல்ல வசதிகளில் ஒன்று என்று இதைச் சொல்வேன். மொத்த டர்ன்ஓவர் ஒன்றரைக் கோடிக்குள் இருந்தால் சரக்கு வியாபாரி 1 சதவீதம், உணவகம் 5 சதவீதம். காலாண்டுக்கு ஒரு சிஎம்பி-08, வருடத்துக்கு ஒரு ஜிஎஸ்டிஆர்-4. ஆக வருடம் ஐந்து படிவம். ஆனால் வாடிக்கையாளரிடம் வரி வசூலிக்கக் கூடாது, கைக்காசில் கட்ட வேண்டும். இன்புட் கிடையாது. வெளிமாநிலத்திலிருந்து வாங்கலாம், வெளிமாநிலத்துக்கு விற்கக் கூடாது.

இரண்டாவது தொழில் வரும்போது இங்கே ஒரு விதி குறுக்கே நிற்கிறது. ஒரே பானில் உள்ள எல்லாப் பதிவுகளும் காம்போசிஷனில் இருக்க வேண்டும், அல்லது எதுவும் இருக்கக் கூடாது. "கடை காம்போசிஷன்லயே இருக்கட்டும், புதுசுக்கு மட்டும் ரெகுலர் நம்பர் எடுத்துக்கலாம்" என்பது நடக்காது. இரண்டாவது நம்பர் வாங்கினாலும் நடக்காது. இந்த ஆலோசனையை யாராவது உங்களுக்குச் சொல்லியிருந்தால் தயவுசெய்து செய்யாதீர்கள்.

மளிகைக் கடை காம்போசிஷனில் இருக்கிறது, வரிக்குட்பட்ட விற்பனை 80 லட்சம், வரி 80,000. இப்போது கம்பெனிகளுக்கு ஹவுஸ்கீப்பிங் பொருள் சப்ளை செய்யும் வாய்ப்பு வருகிறது. கம்பெனிக்காரர்கள் இன்புட் எடுக்க வரி போட்ட பில் கேட்பார்கள். அதற்கு ரெகுலருக்கு மாற வேண்டும், மாறினால் மளிகையும் மாறும். ஒவ்வொரு சரக்குக்கும் சரியான விகிதத்தில் பில் போட ஆள், சாஃப்ட்வேர் எல்லாம் வேண்டும். சப்ளையில் வரும் லாபத்தை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் கணக்கு தப்பும். மளிகைக் கடைக்கு ஏறும் செலவையும் அதே தாளில் எழுதிப் பார்க்க வேண்டும்.

சேவைக்கும் உச்சவரம்பு உண்டு. காம்போசிஷனில் இருக்கும் சரக்கு வியாபாரி, முந்தைய வருட டர்ன்ஓவரில் 10 சதவீதம் அல்லது 5 லட்சம், இரண்டில் எது அதிகமோ அதுவரை சேவை செய்யலாம். அதைத் தாண்டினால் வெளியேற வேண்டியதுதான். முந்தைய வருட மொத்த டர்ன்ஓவர் 50 லட்சத்துக்குள் இருந்தால் 6 சதவீதத் திட்டம் ஒன்று உண்டு. ஆனால் அந்த 6 சதவீதம் சரக்கு விற்பனைக்கும் சேர்த்துத்தான் என்பதால் கடை பெரிதாகவும் சேவை சிறிதாகவும் இருப்பவர்களுக்கு நான் சொல்வதில்லை.

வெளியேறுவது எந்த நாளிலும் முடியும். ஏழு நாளுக்குள் சிஎம்பி-04 போட்டு, 30 நாளுக்குள் ஐடிசி-01 போட்டால் அன்று கையிலிருக்கும் சரக்கின் இன்புட்டும் கிடைக்கும். உள்ளே வருவது அப்படி இல்லை. புதிதாகப் பதிவு செய்பவர் விண்ணப்பத்திலேயே காம்போசிஷனைத் தேர்ந்தெடுக்கலாம். ஏற்கெனவே ரெகுலரில் இருப்பவர் மார்ச் 31-க்குள் விருப்பம் தெரிவித்து ஏப்ரல் 1 முதல்தான் வர முடியும். வெளியே போகும் கதவு தினமும் திறந்திருக்கும், உள்ளே வரும் கதவு வருடத்துக்கு ஒரு முறைதான் திறக்கும் என்று கடைக்காரர்களிடம் சொல்வேன்.

வேறு பெயரில் தொடங்குவது

"வீட்டுக்காரம்மா பேர்ல போட்டுறலாமா?" இந்தக் கேள்வி வராத வாரம் இல்லை. பதில் ஒரே ஒரு விஷயத்தைப் பொறுத்தது: தொழில் உண்மையில் யாருடையது?

மனைவி தன் பணத்தைப் போட்டு, தன் பான், தன் வங்கிக் கணக்கில், தானே கொள்முதல் செய்து நடத்துகிறார் என்றால் அது அவருடைய தொழில். அவருக்கென்று தனி வரம்பு, தனி காம்போசிஷன் உரிமை எல்லாம் உண்டு. கணவர் ரெகுலர், மனைவி காம்போசிஷன் என்று இருப்பதில் எந்தத் தவறும் இல்லை. மேலே சொன்ன மளிகைக்காரருக்கு இதுவே நியாயமான வழியாகவும் இருக்கலாம்; ஹவுஸ்கீப்பிங் சப்ளையை உண்மையிலேயே பார்த்துக்கொள்ளப்போவது அவர் மனைவி என்றால். ஆனால் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் சரக்கு கொடுத்து வாங்கினால் உறவினருக்கிடையே நடக்கும் விற்பனைக்கான மதிப்பு விதிகள் பொருந்தும். பணம் வாங்காமல் கொடுத்தாலும் அது விற்பனையாகவே எடுத்துக்கொள்ளப்படும்.

ஒரே கல்லா, ஒரே கொள்முதல், ஒரே வேலையாள். வரம்பைத் தாண்டாமல் இருக்கப் பில்லை மட்டும் இரண்டு பெயரில் பிரிப்பது வேறு விஷயம். விசாரணை வந்தால் இரண்டையும் கூட்டி ஒன்றாகத்தான் பார்ப்பார்கள். வரி, அதற்கு 18 சதவீத வட்டி, பதிவு செய்யாததற்கு 10,000 ரூபாய் அல்லது வரித்தொகை, எது அதிகமோ அந்த அபராதம். வருமான வரியிலும் கணவர் கொடுத்த சொத்திலிருந்து மனைவிக்கு வரும் வருமானம் கணவர் கணக்கிலேயே சேரும். இதில் எனக்கு ஆற்றாமை தருவது ஒன்று உண்டு. நோட்டீஸ் வருவது அந்தப் பெண்ணின் பெயரில். தொழிலில் ஒரு முடிவும் எடுக்காதவர், ஒரு பில்லும் பார்க்காதவர், கையெழுத்து மட்டும் போட்டவர் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் நிற்பார். அதனால் அப்படியொரு விண்ணப்பத்தை நான் போட்டுத் தருவதில்லை.

கூட்டு நிறுவனம், எல்எல்பி (பங்குதாரர்களின் கடன் பொறுப்புக்கு வரம்புள்ள கூட்டு), ஒருநபர் கம்பெனி எல்லாவற்றுக்கும் தனிப் பான் உண்டு, எனவே தனி வரம்பும் உண்டு. உண்மையில் இன்னொருவர் பணமோ உழைப்போ போடுகிறார் என்றால் கூட்டு நிறுவனமோ எல்எல்பியோ சரி; புதிய தொழிலின் கடன் பழைய கடையையும் வீட்டையும் தொடக் கூடாது என்று நினைக்கிறீர்கள் என்றால் எல்எல்பியோ ஒருநபர் கம்பெனியோ சரி, சாதாரணக் கூட்டு நிறுவனத்தில் அந்தப் பாதுகாப்பு கிடையாது. ஜிஎஸ்டி வரம்புக்காக மட்டும் கம்பெனி தொடங்குவது, ஆண்டுதோறும் ஆகும் தணிக்கைச் செலவைப் பார்த்தால், கட்டுப்படியாகாது.

அந்த அக்காவின் கணக்கு

அவருக்குப் பதிவு கட்டாயம். இருந்த கேள்வி ரெகுலரா, காம்போசிஷனா என்பதுதான். இரண்டையும் ஒரே தாளில் எழுதினோம். துணியெல்லாம் ஒரு பீஸ் 2,500 ரூபாய்க்குள், எனவே 5 சதவீதம். வகுப்புக் கட்டணத்துக்கு 18. கடைக்கு வரும் வாடிக்கையாளர்கள் வீதிக்காரர்கள், வரி என்று மேலே ஒரு ரூபாய் வைத்தாலும் பேரம் பேசுவார்கள். அதனால் இருக்கும் விலைக்குள்ளேயே வரியை அடக்கித்தான் கணக்குப் போட வேண்டும்.

ரெகுலரில் 28 லட்சத்துக்குள் அடங்கிய வரி 1,33,333. வகுப்பின் இரண்டரை லட்சத்துக்குள் 38,136. கொள்முதல் 21 லட்சம், அதற்குக் கட்டிய வரி 1,05,000-ஐ இன்புட்டாகக் கழித்தால் கையிலிருந்து போவது சுமார் 66,500. காம்போசிஷனில் மொத்தம் 30.5 லட்சத்துக்கு 1 சதவீதம், 30,500. வகுப்பு இரண்டரை லட்சம் 5 லட்சம் வரம்புக்குள் இருப்பதால் தடையில்லை. வித்தியாசம் 36,000 ரூபாய்.

ரெகுலர் பக்கம் ஒரே ஒரு லாபம் இருந்தது. பதிவு கட்டாயமான 30 நாளுக்குள் விண்ணப்பித்தால், முந்தைய நாள் கடையில் இருந்த சரக்கின் இன்புட்டையும் எடுக்கலாம். அவரிடம் 6 லட்சத்துக்குச் சரக்கு இருந்தது, 30,000 ரூபாய் கிடைத்திருக்கும். ஆனால் அது முதல் வருடத்துக்கு மட்டும். 36,000 வருடாவருடம் போகும்.

காம்போசிஷனை எடுத்தார். கடைக்கும் வகுப்புக்கும் ஒரே நம்பர், மாடியும் கடையும் ஒரே கட்டடம் என்பதால் இரண்டாவது நம்பர் பேச்சே எழவில்லை. வரி பில்லுக்குப் பதில் வரி காட்டாத சப்ளை பில், அதில் வரி வசூலிக்க உரிமையில்லாத காம்போசிஷன் வியாபாரி என்ற வரியை அச்சடித்தாயிற்று.

போன மாதம் கூப்பிட்டார். மகள் இன்ஸ்டாகிராமில் பக்கம் தொடங்கியிருக்கிறாள், ஆரி வேலை செய்த பிளவுஸுக்குப் பெங்களூரிலிருந்து நாலு பேர் கேட்டிருக்கிறார்கள். "ஒன்னே ஒன்னு அனுப்பலாமுங்களா?" என்றார். ஒன்று அனுப்பினாலும் காம்போசிஷன் போய்விடும், கடையும் வகுப்பும் சேர்ந்து ரெகுலருக்கு வந்துவிடும் என்றேன். வெளிமாநில விற்பனையில் நூற்றுக்கு 25 ரூபாய் நின்றால், அந்த 36,000-ஐ ஈடுகட்டவே வருடத்துக்கு 1,44,000 ரூபாய்க்கு ஆர்டர் வேண்டும்; ரிட்டர்ன் செலவு அதற்கு மேல். இப்போது கல்லாப்பெட்டிப் பக்கத்தில் ஒரு நோட்டு வைத்திருக்கிறார். வெளிமாநிலத்திலிருந்து வரும் ஒவ்வொரு விசாரிப்பையும் தொகையோடு அதில் எழுதுகிறார். மாதம் 12,000-ஐத் தாண்டி மூன்று மாதம் தொடர்ந்து வந்தால் சிஎம்பி-04 போடுவதாகப் பேசி வைத்திருக்கிறோம். முதல் மாதம் 7,400 வந்திருக்கிறது.